‘ஆச்சு’ என்று சொல்லக் கூடாது

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் புடவைப் பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டுகள்தான். நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் எனக்குக் குரலே எழும்பாது. ஆனாலும் என் மேல்வீட்டில் குடியிருந்த டீச்சரைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி தோல் கையுறை இருக்கிறது. டீச்சர் வாங்கிக் கொடுத்தது. இடது கை உறை இன்னும் புதிது போலத்தான் இருக்கிறது. வலது கை உறையின் உள்ளங்கை மட்டும் தேய்ந்து, கறுத்து, கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டது. கயிறு அந்தக் கை வழியாகத்தான் ஓடும். பார்க்கிறவர்கள் மாடு பிடிக்கிற வேலையோ கிணறு தூர் வாருகிற வேலையோ என்று நினைப்பார்கள். நான் ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் மடிப்பு வேலை செய்கிறவள். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க வேண்டும். பேச வேண்டிய வேலை இல்லை. அதனால்தான் இத்தனை வருடமாக அங்கே இருக்கிறேன்.

டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. குடியாத்தம் பக்கத்துக்காரர். கிட்டத்தட்ட என் வயதுதான், ஆனால் படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக ஏறிப் போவார். குடிவந்து ரொம்ப நாள் வரைக்கும் எங்களுக்குள் “தண்ணி வந்துதா?” “வந்துது” என்பதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை. என் அம்மா போன பிறகு வீட்டுக்குள் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“ஏங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க வெயிட்டு எவ்ளோ?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் சொன்னேன்.

“என்னைவிட ஜாஸ்தி. ரொம்ப நல்லது. எனக்கு அதான் வேணும்” என்றார்.

என் எடையைக் கேட்டு ஒருவர் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

விஷயம் இதுதான். டீச்சருக்குப் பாறை ஏறுகிற பழக்கம் இருந்தது. காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது கற்றுக்கொண்டது. சேத்துப்பட்டு சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பாறைக்குன்று இருக்கிறது. எப்போதோ பயிற்சிக்கு வந்தவர்கள் அதன் உச்சியில் இரண்டு இரும்பு வளையங்களை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். குன்றின் பின்பக்கம் ஆட்டுத்தடம் வழியாக நடந்து போய், கயிற்றை வளையங்களில் மாட்டிய கொக்கிகளுக்குள் விட்டு, இரண்டு நுனியையும் முன்பக்கம் தொங்கவிட்டு வருவார். ஒரு நுனி அவர் இடுப்பில். மற்றது கீழே நிற்கிறவரின் இடுப்புப் பட்டியில் இருக்கும் ‘பிலே’ என்ற சின்னச் சாமானுக்குள் வளைந்து வெளியே வரும். அவர் ஏற ஏறக் கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தவறினால் கயிற்றை இறுக்கித் தாங்க வேண்டும். அப்படிக் கீழே நிற்பதற்கு ஆரணியில் அவருக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம்.

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவள் நான்.

மாடிப்படி கைப்பிடியில் கயிற்றைக் கட்டி எனக்குப் பழக்கம் கொடுத்தார். முக்கியமான பாடம் ஒன்றுதான். பிலேவிலிருந்து கீழே தொங்கும் கயிற்றைப் பிடித்திருக்கும் கையை எதற்காகவும் எடுக்கக் கூடாது. கொசு கடித்தாலும், புடவை அவிழ்ந்தாலும் எடுக்கக் கூடாது. (அதற்காகவே சுடிதார் போட ஆரம்பித்தேன். தெருவில் அது ஒரு பேச்சானது.) ஏறுவதற்கு முன்னால் நான் அவர் முடிச்சையும் பட்டியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் என் பட்டியையும், பிலேவை அதில் மாட்டும் கொக்கியையும் பார்ப்பார். கொக்கியின் பூட்டு திருகியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும், சந்தேகமே இல்லாதபோதும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது முந்தானையைச் சரிசெய்துவிட அம்மா இருந்தவரை ஒரு கை இருந்தது. அதற்குப் பிறகு என்னை அப்படி மேலிருந்து கீழ்வரை பார்த்தது டீச்சர் ஒருவர்தான்.

இரண்டாவது பாடம் ஒரு வார்த்தையைப் பற்றியது.

“நான் மேல போயிட்டு ‘ஆச்சு’ன்னு கத்தினா நீங்க இன்னா புரிஞ்சிப்பீங்க?” என்று கேட்டார்.

“முடிஞ்சுதுன்னு.”

“எது முடிஞ்சுது?”

அவருடன் பயிற்சியில் இருந்த ஒரு பெண் உச்சிக்குப் போய் ‘ஆச்சு’ என்றாளாம். வந்து சேர்ந்துவிட்டேன், இனி இறக்கு என்பது அவள் அர்த்தம். கீழே இருந்தவளோ, அவள் மேலே தன்னைக் கட்டிக்கொண்டாள், இனி நான் வேண்டாம் என்று நினைத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டாள். மேலே இருந்தவள் நம்பிக்கையாகப் பின்னால் சாய்ந்தாள். “அவ காலு இன்னிக்கும் நேரா இல்ல” என்றார் டீச்சர்.

அதனால் எங்களுக்குள் அந்த வார்த்தை கிடையாது. டைட், லூஸ், இறக்குங்க, இந்த மூன்றுதான். கயிற்றை நான் கழற்ற வேண்டுமென்றால் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: ‘நான் என்னை மேல கட்டிக்கினேன், நீங்க கழட்டலாம்.’ என் குரல் அவ்வளவு உயரம் போகாது என்பதால் பதிலுக்குக் கயிற்றை இரண்டு தடவை சுண்டுவேன்.

அதற்குப் பிறகுதான் நாம் ஒரு நாளைக்கு எத்தனை ‘ஆச்சு’ சொல்கிறோம் என்று கவனித்தேன். சாப்ட்டாச்சா, பில் போட்டாச்சா, நேரமாச்சு, வயசாச்சு. எதைச் சொல்கிறோம் என்றே யோசிக்காமல் சொல்கிறோம். எதிரில் இருப்பவரும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைப் புரிந்துகொண்டு போய்விடுகிறார்.

ஞாயிறுதோறும் விடிந்ததும் அவர் ஸ்கூட்டியில் போவோம். வெயில் பாறையில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார். அங்கே ஆடு மேய்க்க வரும் அம்மா ஒருவருக்கு எங்களைப் பார்ப்பது பெரிய வேடிக்கை.

“மேல இன்னாமா கீது?” என்று என்னிடம் கேட்பார்.

“ஒன்னும் இல்லீங்க.”

“அப்ப எதுக்கு ஏறிகினு கீறாங்க?”

“எறங்கறதுக்கு” என்று பாறையிலிருந்து டீச்சர் கத்துவார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்.

நான் ஏறியதில்லை. டீச்சர் பலமுறை கூப்பிட்டார். எனக்கு ஆசை வரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கயிற்றின் வழியாக அவர் கால் மாற்றுவது, தயங்குவது, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் கையால் தெரிந்துகொள்வது எனக்குப் போதுமாக இருந்தது. இன்னொருவர் பயப்படுவது அப்படி நேராக என் கைக்கு வந்ததில்லை. அதைப் பற்றிப் பேசவும் வேண்டியதில்லை.

இதில் ஒரு தொல்லை வந்தது. கயிறு பிடித்து என் உள்ளங்கை காய்த்துப் போனது. பட்டைத் தடவும்போது நூல் பிசிறு எடுத்தது. முதலாளி ஒரு நாள் பார்த்துவிட்டார். “ஏம்மா, கை இன்னா இப்டி சொரசொரன்னு கீது? ஞாயித்துக்கெழமையில மாடு புடிக்கப் போறியா?” என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பலன் இல்லை. டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது வந்ததுதான் அந்தக் கையுறைகள். இப்போது கை பழையபடி மிருதுவாகிவிட்டது. “இப்பதாம்மா கை கையாட்டம் கீது” என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

டீச்சரின் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் மாறுதல் கேட்டிருந்ததை டீச்சர் என்னிடம் சொல்லவில்லை. கிடைத்த பிறகுதான் சொன்னார். “கெடைக்காதுன்னு நெனைச்சேன். அதான் சொல்லல” என்றார். நான் “நல்லதுதானே டீச்சர்” என்றேன்.

கடைசி ஞாயிறு பாறைக்குப் போனோம். உச்சியில் இருந்த கொக்கிகள் அவருடையவை. அவற்றை எடுத்துவர வேண்டும். அதனால் அன்றைக்கு நான் அவரை இறக்கப் போவதில்லை. மேலே போனதும் தன்னை வளையத்தில் கட்டிக்கொண்டு, என்னைக் கழற்றச் சொல்லி, கயிற்றை வெறும் வளையங்களுக்குள் மாற்றி, தன் பிலேவில் தானே பிடித்துக்கொண்டு இறங்குவார். சாமான் அதேதான். பிடிக்கிறவரும் தொங்குகிறவரும் ஒரே ஆளாகிவிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம். புறப்படும் முன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அவரும் என் பூட்டை அழுத்திப் பார்த்தார்.

அன்று நன்றாக ஏறினார். ஒரு இடத்திலும் ‘டைட்’ கேட்கவில்லை. உச்சி வளையத்தைத் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அங்கிருந்து ஆரணிப் பக்கம் தெரியும் என்பார். பிறகு கத்தினார்.

“ஆச்சு.”

என் இடது கை கொக்கிப் பூட்டின் மேல் போய்விட்டது. கழற்ற வேண்டியதுதானே இன்றைய ஏற்பாடு? தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டார், அதைத்தான் சொல்கிறார். ஆனால் வாக்கியம் வரவில்லை. எந்த ஆச்சு? கேட்க வேண்டும் என்றால் நான் கத்த வேண்டும். கயிற்றைச் சுண்டினால் சரி என்று அர்த்தமாகிவிடும். வலது கையை இறுக்கிப் பிடித்தபடி தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அதற்குள் அவர் பின்னால் சாய்ந்துவிட்டார்.

முழு எடையும் என் இடுப்பில் வந்து விழுந்தது. நான் இழுபட்டுப் போய்ப் பாறையில் முட்டிக்கொண்டேன். கை விடவில்லை. மேலே பார்த்தேன். பழக்கத்தில், ஒவ்வொரு ஞாயிறும் செய்வது போலக் கால்களை அகட்டி, நான் இறக்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். எங்கேயும் கட்டிக்கொள்ளவில்லை. இருந்தது என் கயிறு மட்டும்தான்.

“டீச்சர், நீங்க கட்டிக்கல.”

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஆட்டுக்கார அம்மா தூரத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

டீச்சர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். பிறகு மேலே வளையத்தைப் பார்த்தார்.

“எறக்கட்டுமா?”

“வேணாம். டைட்.”

இழுத்துக் கொடுத்தேன். பாறையைப் பிடித்து மறுபடி நேராக நின்றார். கட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்தார். பிறகு சொன்னார். “நான் என்னை மேல கட்டிக்கினேன். நீங்க கழட்டலாம்.”

“இன்னொரு தபா சொல்லுங்க.”

சொன்னார். நான் கழற்றினேன். கயிறு என் கையிலிருந்து ஓடி மேலே போனது. அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. அவர் கயிற்றை மாற்றி, நுனிகளில் முடிச்சுப் போட்டு வீசினார். கை நழுவினாலும் பிடித்துக்கொள்ளும்படி ஒரு சின்னக் கயிற்றைப் பெரிய கயிற்றில் சுற்றிக் கட்டினார். பிலேவில் எடையை ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகுதான் வளையத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டார். மெதுவாக, நின்று நின்று இறங்கினார். நான் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே வந்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“எறக்குங்கன்னுதானே சொன்னேன்?”

“ஆச்சுன்னீங்க.”

“நானா?”

“ம்.”

தண்ணீர் குடித்தார். “இந்தக் குரல இத்தினி வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?” என்றார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

நான் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தேன். “கோயம்புத்தூர்ல புடிக்கிறவங்க கிட்ட அந்த வார்த்தைய மொதல்லியே சொல்லி வெச்சிடுங்க டீச்சர்” என்றேன்.

“அங்க யாருங்க கீறாங்க?” என்றார்.

சுற்றிய கயிற்றைப் பையில் வைத்து மூடினேன். வெயில் பாறை முழுவதும் ஏறிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. சாமான் வண்டி காலையிலேயே வந்தது. டீச்சர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். நான் மாடி வீட்டைப் பெருக்கி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். முகூர்த்த நாள் என்பதால் கூட்டம் அதிகம். மத்தியானம் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை.