கலீஜ் இல்லாத வீடு

சினிமாவில் எங்கள் ஊர் வரப்போவதை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். முதலில் துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே கேமரா பறக்கும். பின்னணியில் மேளம் அதிரும். பாப்கார்ன் வாங்கப் போனவர் திரும்பி வந்து உட்காருவதற்குள் யாரையாவது வெட்டியிருப்பார்கள். நான் எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே கத்தி தக்காளியைக்கூட வெட்டாது, நசுக்கும். இதை மேடையில் சொன்னால் தென் சென்னையில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் பக்கத்தில் வந்து, "நெஜமா அங்க சேஃப்பா ப்ரோ?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள்.

மேடையில் நின்று ஜோக் சொல்வதுதான் என் தொழில். அடையாறு, ஆழ்வார்பேட்டைப் பக்கம் காபிக் கடை மாடிகளில் நிகழ்ச்சி நடக்கும். மக்களைச் சிரிக்க வைப்பது சுலபம், முடித்துவிட்டு வீடு திரும்புவதுதான் கஷ்டம். எண்ணூர் என்றால் ஒரு டாக்ஸியும் வராது. கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் வண்டியிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான் என்று டிரைவர்களுக்குத் தெரியும். ஒருவர், "நெஞ்சு வலிக்குதுண்ணா" என்று சொல்லி சவாரியை ரத்து செய்தார். இறங்கும் இடத்தை பெசன்ட் நகர் என்று மாற்றிப் போட்டேன். அதே ஆள் பூரண குணமாகி வந்து நின்றார்.

எனக்குக் கொஞ்சம் பெயர் வாங்கித் தந்தது சுவரில் விழுந்த ஒரு கோட்டைப் பற்றிய ஜோக். ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எங்கள் தெருவுக்குள் வந்தது. யாருடைய எண்ணெய் என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. தண்ணீர் வடிந்தபோது வீட்டுச் சுவர் முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு நின்றது. "எல்லார் வூட்லயும் புள்ளைங்க ஒசரத்த செவுத்துல கோடு போட்டு வெப்பாங்க. எங்க வூட்ல எண்ணெ வந்து அதோட ஒசரத்த போட்டுட்டு பூட்சி. வளர்ற புள்ள, அடுத்த மழைக்கு வந்து இன்னும் மேல போடும்" என்று சொல்வேன். கைதட்டுவார்கள்.

மேடையில் அது ஜோக். வீட்டில் அது அம்மாவின் பிழைப்பு. அம்மா அந்த முன்னறையில்தான் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். தைத்த துணிகளைச் சுவரில் வரிசையாகக் கொக்கி போட்டு மாட்டி வைப்பாள். வெள்ளத்துக்குப் பிறகு எல்லா ஜாக்கெட்டிலும் எண்ணெய் வாடை. வாங்க வந்தவர்கள் அளவு பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தார்கள். அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள், சுண்ணாம்பு அடித்தாள். ஒரு வாரத்தில் கோடு சுண்ணாம்பை மீறி வெளியே எட்டிப் பார்க்கும். மறுபடி தேய்ப்பாள். பூச்சையே கொத்திவிட்டுப் புதிதாகப் பூசி, மாம்பழ மஞ்சளில் பெயின்ட் அடித்த பிறகுதான் அந்தச் சனியன் எங்களை விட்டது. மோந்து பார்க்காமல் துணி வாங்கிக்கொண்டு போன முதல் ஆளுக்கு அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் என் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு இயக்குநர் கூப்பிட்டார். வட சென்னைப் படம். கதாநாயகனின் நண்பன் வேடம் எனக்கு. படம் முழுக்க வருவேன். கதாநாயகன் வீடாக எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொன்னேன். மீன் வாங்கப் போன இடத்தில்கூட, மீனைப் பற்றிக் கேட்காமல் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் வீட்டைப் பார்க்க உதவி இயக்குநர் வந்தார். கோயம்புத்தூர்ப் பையன், நல்ல பிள்ளை. எங்கள் பாஷையைப் படித்துக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தி, "அம்மா! உங்க வூடு செம கலீஜ்மா!" என்றார்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். கையில் கத்தரிக்கோல். வீட்டை மூன்று வேளையும் பெருக்குகிற பொம்பளையிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். கலீஜ் என்றால் அழுக்கு மட்டும் இல்லை, கிட்டே போனாலே குமட்டுகிற அழுக்கு.

"இன்னாது? இன்னா சொன்ன?"

"கலீஜ்மா. கெத்துன்னு சொன்னேன்."

"யார் நைனா சொன்னா உனுக்கு? பொட்டிப் பாம்பு மாரி வந்து நின்னுகினு, என் வூட்ட பாத்து கலீஜ்ன்ற! இத்த எத்தினி வாட்டி தேச்சேன்னு தெரியுமா உனுக்கு? தரைல சோறு போட்டு துன்னலாம் என் வூட்ல!"

நான் நடுவில் புகுந்து விளக்கம் சொன்னேன். அவருடைய முகம் சுண்டிப்போனது. ஆபீஸில் எல்லோரும் அந்தச் சொல்லைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்களாம். 'சீன் கலீஜா வரணும்' என்றால் அசலாக வர வேண்டும் என்று அர்த்தமாம். அம்மா அவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஆனால் சர்க்கரை போடவில்லை.

அடுத்த வாரம் இயக்குநரே ஆட்களோடு வந்தார். உள்ளே நுழைந்தவர் மஞ்சள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"கோடு எங்க?"

"அழிச்சிட்டோம் சார்."

"அடடா. இது வட சென்னை மாதிரியே இல்லையே."

எண்ணூரில், எண்ணூர்க்காரன் வீட்டில், கொசஸ்தலை ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்க நின்றுகொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வேடம் வேண்டுமே. பிரச்சினை இல்லை, கோட்டைத் திரும்பப் போட்டுவிடலாம், படப்பிடிப்பு முடிந்ததும் வெள்ளையடித்துத் தருகிறோம் என்றார். அம்மாவிடம் கேட்டார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? அவன் சான்ஸு. அவனயே கேளுங்கோ" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கலைப்பிரிவு ஆள் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பழைய இன்ஜின் ஆயில். தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று மெக்கானிக் கடையில் வாங்கி வந்திருந்தார்கள். அந்த வாடை அறைக்குள் வந்ததும் அம்மா எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். வெள்ளம் வந்த அன்றும் அப்படித்தான் கழற்றினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேடத்தின் மேல் எனக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. அதைவிட இந்தக் கோபம் பெரிதாக இருந்தது. எண்ணெய் எங்களைக் கேட்காமல் வந்தது, சரி. இவர்களுக்கு நானே கதவைத் திறந்துவிட வேண்டுமா?

"வோணாம் சார். பிரஷ்ஷ கீழ வெக்க சொல்லுங்கோ" என்றேன்.

"ஒரு கோடுதானேப்பா."

"கோடுதான் சார். அத்த அழிக்கறதுக்குள்ள எங்கம்மாக்கு தோளு எறங்கிப்போச்சு. வோணும்னா இந்த மஞ்சளோட எடுங்கோ. இல்லனா வேற வூடு பாருங்கோ."

"அப்புறம் இது வட சென்னைன்னு ஆடியன்ஸுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க கீறோம்ல சார்? பத்தாதா?"

பத்தாது போலிருக்கிறது. வாளி வண்டியில் ஏறியது. வேடமும் அதோடு ஏறிவிட்டது. அவர்கள் தெருமுனை தாண்டும்வரை சும்மா இருந்த அம்மா, பிறகு என் முதுகில் ஒன்று வைத்தாள். "அறிவு கெட்டவனே, செவுத்துக்கோசரம் எவனாவது சினிமாவ வுடுவானாடா?" என்றாள். சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டுகளைத் திரும்ப மாட்டினாள். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் 'பிழைக்கத் தெரியாதவன்' என்றார்கள். நான் முறைத்துக்கொண்டு போனேன். பிழைக்கத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்ளட்டும்.

படம் வந்தது. திருவொற்றியூர் தியேட்டரில் அம்மாவோடு போய்ப் பார்த்தேன். அவளாகத்தான் போகலாம் என்றாள். கிரேன்கள் வந்தன, மேளம் வந்தது, வெட்டும் வந்தது. எனக்குச் சொன்ன வேடத்தில் வேறு ஒருவர், "நான் இங்கதான் கீது மாமு" என்றார். நான் கீறேன், அவன் கீறான், நாற்காலிதான் கீது. மனிதன் தன்னையே அஃறிணையில் சொல்லிக்கொள்கிற ஊரை அவர்கள் எங்கே பார்த்தார்களோ தெரியவில்லை. தியேட்டரில் யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

வீட்டை ஸ்டுடியோவில் செட் போட்டிருந்தார்கள். கறுப்புக் கோடு இடுப்பில் இல்லை, கழுத்து உயரத்துக்கு இருந்தது. கீழேயும் கறை, மேலேயும் கறை. அதன் அடியில் கதாநாயகனின் அம்மா உட்கார்ந்து அழுதாள். மகன் சிறைக்குப் போனபோது அழுதாள், திரும்பி வந்தபோது அழுதாள், காரணமில்லாத காட்சியிலும் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதாள். என் பக்கத்தில் அம்மா நெளிய ஆரம்பித்தாள். "சே, சே" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உச்சக்கட்டத்துக்கு முன்னால் இசையெல்லாம் அடங்கி, அந்தத் தாயின் முகம் திரை முழுக்க வந்தபோது, அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"எத்தினி நாழிமா அழுதுகினே கீற! எந்திரிச்சி மொதல்ல அந்த செவுத்த தொடச்சி வுடும்மா!"

தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. விசில் பறந்தது. "கரீட்டுக்கா!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள். இத்தனை வருஷம் மைக் பிடித்தும் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு விழுந்ததில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் இருந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்ற கோபத்தில், இடுப்பில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.