கடலடியில் பிடுங்கிய கம்பு

அன்று நான் அண்ணனிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம்: "கீழே எதையும் தொடக்கூடாது."

1986 யூன், ஒரு சனிக்கிழமை. டென்மார்க்கில், கோல்டிங் அகதி முகாமில் எங்களுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வேலை செய்யக்கூடாது, அறையில் சமைக்கக்கூடாது. மன்னாரில் சங்கு குளித்த அண்ணன், நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். முகாமில் டெனிஷ் சொல்லித்தர வந்த கிர்ஸ்டன் ஓர் அகழாய்வாளர். ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் மீன்பிடித்து வாழ்ந்த ஆதிக்குடிகள், கடல் மட்டம் ஏறியதால் கைவிட்டுப் போன ஊரொன்றைத் தன் குழுவோடு நீருக்கடியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். "உன் அண்ணனைக் கூட்டி வா. சரிவந்தால் கோடை முழுக்க எங்களோடு முழுகட்டும்," என்றார். சம்பளம் இல்லை. ஆனால் அண்ணனுக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் கிடைக்கும்.

காலை 8.10 றெயின். மிடெல்ஃபார்ட் வரை இருபத்தைந்து நிமிடம், ஒருவழிக் கட்டணம் பதினெட்டுக் குரோனர். அங்கிருந்து கிர்ஸ்டனின் வான் வண்டியில் தெற்கே பதின்மூன்று கிலோமீற்றர். றெயினில் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "இஞ்ச பார், அங்கையும் ஏதும் கூடாதெண்டு சொன்னா, அடுத்த றெயினில திரும்பிப் போறன்."

கரையில் பார்க்க ஒன்றுமில்லை. புல், கல், சாம்பல் நிறத் தண்ணீர். படகில் முந்நூறு மீற்றர் போனால், மூன்று மீற்றர் ஆழத்தில் ஊர்.

அண்ணன் இரவல் வாங்கிய றப்பர் உடையை மாட்டும்போது கிர்ஸ்டன் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இன்றைக்குப் பார்க்க மட்டும். எது எங்கே கிடக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். எதையும் தொடக்கூடாதென்று சொல்."

நான் தமிழில், "வடிவாப் பாத்திட்டு வாங்கோ அண்ணை," என்றேன்.

"இது தண்ணியோ, ஐசோ?" என்று சிரித்துக்கொண்டு, காற்றுச் சிலிண்டரும் வேண்டாமென்று இறங்கினார். ஒன்பது மாதத்தில் முதல் சிரிப்பு.

ஒரு நிமிடம். கிர்ஸ்டன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. அண்ணன் மூச்சுப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். அவரது கையை நினைத்துத்தான் பயமாயிருந்தது. சங்கு குளிக்கிறவர் வெறுங்கையோடு மேலே வருவதில்லை.

கூர் சீவிய கம்பொன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். "பிள்ளை, நாங்கள் மீன் மறிக்க நடுற கம்பு மாதிரியே கிடக்கு! ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கினனான்!"

கிர்ஸ்டனின் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்னதை அவருக்குச் சொன்னாய்தானே?"

ஆமென்று தலையாட்டினேன்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. "என்னவாம்? தொடக்கூடாதெண்டு முதலே சொன்னவவோ?"

"இல்லை அண்ணை."

"எடுத்த இடம் எனக்குத் தெரியும். திருப்பி நட்டுவிடட்டோ எண்டு கேள்."

கேட்டேன். கம்பை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே, இனி இறங்க வேண்டாம் என்றார் கிர்ஸ்டன்.

போக நினைப்பவர்களுக்கு: கரைக்குப் போய் ஏமாறாதீர்கள். எடுத்த பொருட்கள் அருங்காட்சியகத்தில்தான் இருக்கும். முழுகுவதற்கு முதலே அனுமதி கேளுங்கள். யூனிலும் தண்ணீர் குளிரும். யாருக்காவது மொழிபெயர்க்கப் போனால், அவருக்குப் பிடிக்காத வசனத்தையும் சொல்லிவிடுங்கள். நின்ற இடத்தை விட்டு வந்த கம்பு வெறும் தடி என்று கிர்ஸ்டன் திரும்பும் வழியில் சொன்னார். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு கிழமையில் கிர்ஸ்டனிடமிருந்து கடிதம் வந்தது: குழுவில் இடமில்லை. அடுத்த ஆண்டு அண்ணனுக்கு விசா கிடைத்தது. சில்க்போர்க் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். டென்மார்க்கின் கடலில் அவர் பிறகு இறங்கவே இல்லை.