ரோஸ்கோவுக்கும் டெல்ஃபீனுக்கும் நடுவில் நின்றவர்

எங்கள் இசைத்தட்டுக் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருந்தது: "வெல்மா டட்வைலர். வரவேற்பாளர். தொலைபேசியை எடுப்பார், வருபவர்களை உட்கார வைப்பார். இசைப் பயிற்சி இல்லை. சிவப்பு விளக்கு எரியும்போது ஒலிப்பதிவு அறைக்குள் செல்ல அனுமதி இல்லை."

இதில் பெயர் சரி. நிஜமாகவே அவசரம் என்றால் மணி பத்து தடவைக்கு மேல் அடிக்கும் என்பது அவருடைய கணக்கு. அதற்குக் குறைந்து அடித்த தொலைபேசியை அவர் தொட்டதில்லை. வருபவர்களில் பாதிப் பேரை நிற்க வைத்தே திருப்பி அனுப்பிவிடுவார். இசைப் பயிற்சி என்றால், மவுண்ட் நீபோ சர்ச் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷம் முன்வரிசையில் நின்றவர். சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனி ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை.

1969 ஜனவரியில் ரோஸ்கோ லாட்டிமோரும் டெல்ஃபீன் விக்ஸும் சேர்ந்து பாடும் காதல் பாட்டு ஆல்பம் ஒன்றை கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. பத்துப் பாட்டு, பத்தும் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. சேர்ந்து என்பது அட்டையில் மட்டும்தான். டெல்ஃபீனின் குரல் பாத்திரம் கழுவும்போது கேட்க நன்றாக இருக்கும் என்று ரோஸ்கோ ஒரு வானொலிப் பேட்டியில் சொல்லியிருந்தார். விருந்தாளிகள் எழுந்து போகவில்லை என்றால் ரோஸ்கோவின் இசைத்தட்டைத்தான் போடுவேன் என்று அதே வானொலியில் டெல்ஃபீன் பதில் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் மூச்சுவிடத் தயாராக இல்லை. செவ்வாய்க்கிழமை ரோஸ்கோ தனியாக வந்து பாடினார், புதன்கிழமை டெல்ஃபீன். இரண்டு குரலையும் ஒரே ஒலிநாடாவில் சேர்ப்பது தயாரிப்பாளர் ஹார்லன் பீஸ்லியின் வேலை.

சேர்த்துப் போட்டுக் கேட்டபோது ஹார்லன் நாற்காலியில் சரிந்தார். ஒருவர் வரியை முடித்து நிறுத்திய இடத்தில் மற்றவர் ஆரம்பிக்க வேண்டும். நிறுத்திய இடம் என்று ஒன்று எங்குமே இல்லை. டெல்ஃபீன் பாட வேண்டிய இடைவெளியில் ரோஸ்கோ "ஆமா கண்ணே, ஆமா" என்று தனக்குத் தானே பதில் பாடியிருந்தார். ரோஸ்கோவின் இடைவெளியில் டெல்ஃபீனும் அதையே செய்திருந்தார். காதலர்கள் மாதிரி இல்லை, பேருந்தில் ஒரே இருக்கைக்குச் சண்டை போடும் இருவர் மாதிரி இருந்தது. அந்தப் பதில்களை வெட்டிப் பார்த்தார்கள். வரியின் வாலும் கூடவே போய், பாட்டு பல் விழுந்த வாயாகிவிட்டது.

ஹார்லனுடைய முந்தைய இரண்டு ஆல்பங்களும் விலை போகவில்லை. காதலர் தினத்துக்கு இந்த ஆல்பம் கடைக்கு வராவிட்டால் முன்பு ஓட்டிய நகரப் பேருந்தையே மறுபடி ஓட்டப் போகலாம் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். முதலாளி சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது. நாடாவை ஒப்படைக்க ஆறு நாள் இருந்தது.

அந்த மதியம் வெல்மா பொரித்த கெளுத்தி மீனைத் தின்றபடி கதவில் சாய்ந்து நாடாவைக் கேட்டார். தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேருமே பதில் சொல்றாங்க. எதிர்ல ஆள் இல்லாம பின்ன என்ன பண்ணுவாங்க?" என்றார். "உங்கம்மா மவுண்ட் நீபோல என் பக்கத்துலதானே உக்காருவாங்க. உனக்குத் தெரிய வேணாமா?"

ஹார்லனுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் சர்ச்சுகளில் போதகர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் சபை பதில் கொடுத்தாக வேண்டும். பதில் வராத இடைவெளி போதகருக்கு அவமானம். ரோஸ்கோவும் டெல்ஃபீனும் தவழ்ந்த வயதிலிருந்து அப்படித்தான் பாட்டுக் கற்றவர்கள். காலியான அறையில் இடைவெளியைச் சும்மா விட அவர்களுக்கு வாய் வரவில்லை. சபையின் வேலையையும் அவர்களே கவனித்துக்கொண்டார்கள்.

மறுநாள் சிவப்பு விளக்கு எரிந்தது. வெல்மா உள்ளே போய் ரோஸ்கோவுக்கு ஆறடி எதிரில் கைப்பையோடு நின்றார். மைக் பிடித்துவிடும் என்பதால் குரல் எழுப்பக் கூடாது. டெல்ஃபீனின் வரிகளை உதட்டால் மட்டும் பாடுவார் என்று ஏற்பாடு.

"வெளிய போன் அடிக்குது மிஸ் வெல்மா," என்றார் ரோஸ்கோ.

"அடிக்கட்டும் தம்பி. நீ பாடு. என்னை டெல்ஃபீன்னு நெனச்சுக்க வேணாம். நான் மவுண்ட் நீபோ சிஸ்டர் டட்வைலர். நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்து."

முதல் தடவை ரோஸ்கோ சிரித்துவிட்டார். இரண்டாவது தடவை வெல்மா கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, சத்தமே இல்லாமல் பதில் பாடியபோது ரோஸ்கோ வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த மனிதர் காத்திருந்து நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு நாளில் பத்துப் பாட்டும் முடிந்தது.

அடுத்து டெல்ஃபீன் வந்தார். கோட்டைக் கழற்றாமல், அவன் உங்களைப் பார்த்தா பாடினான் என்று வெல்மாவிடம் விசாரித்தார். ஆமாம் என்றார் வெல்மா.

"எப்படிப் பாடினான்?"

"உனக்கு இடம் விட்டுப் பாடினான்."

"அவனா?"

"எனக்கு விட்டான். நான் உனக்குக் குடுக்கறேன்."

டெல்ஃபீன் கோட்டைக் கழற்றினார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆறாவது பாட்டில் படுக்கையறையைப் பற்றி ஒரு வரி வரும். சபையில் பொறுப்பில் இருக்கிற பெண் நான், அதை உதட்டால்கூடச் சொல்ல மாட்டேன் என்று வெல்மா இருவரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் இல்லாததால் அந்த ஓர் இடத்தில் இருவரும் பழையபடி ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பாடிவிட்டார்கள். திருத்த நேரம் இல்லை. பத்திரிகைகள் எல்லாம் அந்த இடத்தைத்தான் மெச்சின. உண்மையான ஆசை இருந்தால் ஒழிய இப்படிப் பாட முடியாது என்று ஒருவர் எழுதினார்.

ஆல்பம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி கடைக்கு வந்தது. ஹார்லன் பேருந்துக்குத் திரும்பவில்லை. ரோஸ்கோவும் டெல்ஃபீனும் அட்டைப் படத்துக்கும் தனித்தனியாகத்தான் நின்றார்கள். அட்டையின் பின்பக்கத்தில் வயலின் வாசித்த எட்டுப் பேர், கோரஸ் பாடிய மூவர், ரோஸ்கோவின் தையல்காரர் ஆகியோருக்கு நன்றி சொல்லியிருந்தது.

வெல்மா டட்வைலர் நாலு நாள், பத்துப் பாட்டுக்கு, இரண்டு பேர் எதிரிலும் அடுத்தடுத்து நின்று, ஒரு சத்தமும் எழுப்பாமல், ஒரு வரி தவிர மற்ற எல்லா வரிக்கும் பதில் பாடினார்.