டொக்டர் நிஸ்மியா கேட்ட ஆதாரம்

"செத்தவருட பல்ல வெச்சி உசிரோட இரிக்கிறவருக்கு அளவெடுக்க ஏலா, சாச்சி! முதல்ல வெளிய போங்க!"

நிஸ்மியா இப்படித்தான் என்மேல் பாய்ந்தாள். ஓட்டமாவடி பசாரில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற அவளுடைய பல் கிளினிக்கில், காத்திருந்த சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க. நானும் விடவில்லை.

"அளவு ஒண்டுதான் புள்ள. என்ட மாப்புளக்கும் வாய் பெரிசி, மருமகனுக்கும் வாய் பெரிசி. குறட்டைக்கு ஒரு தட்டு அடிச்சித் தா எண்டா இவ்வளவு கதையா?"

"தட்டு அடிக்க நான் என்ன தகரக் கடையா வெச்சிரிக்கன்?"

கன்னம் வீங்கி வந்திருந்த ஒரு மனிதர், வீக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில், மௌத்தாகிப்போன என் மாப்பிள்ளையின், என்னைக் கட்டின மனுசனின், பல்செட்டை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினேன்.

நிஸ்மியா கருவாட்டுக்கடை அசனாரின் மகள்; என்னைச் சின்னம்மா முறையில் சாச்சி என்பாள். சின்ன வயதில் வாப்பாவின் கடையில் நின்று, கருவாட்டை முகர்ந்து முகர்ந்து வைக்கிறவர்களைப் பார்த்து, "வாங்கிறண்டா வாங்குங்க, மூக்க வெச்சி உரசாதீங்க" என்று ஏசுவாள். குள்ளம். நடை மட்டும் ஓட்டம். பல் டொக்டரான பிறகும் அவளுடைய முன்பல் ஒன்று கோணல்தான். உன் பல்லை நீ நேராக்கவில்லையே என்று கேட்டேன். "அது சோறு திங்குது சாச்சி, அது போதும்" என்றாள். வட்டிலப்பம் கொண்டுபோனால் அடி வழித்துச் சாப்பிடுவாள். மற்றவர்களுக்குத்தான் இனிப்புக் கூடாது.

டொக்டராகிப் பல வருசம் கழித்து, இரண்டு பிள்ளைகளையும் உம்மாவிடம் விட்டுவிட்டு, கொழும்புக்குப் போய்ப் போய் இன்னொரு படிப்புப் படித்தாள். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதிக்குப் பல் டொக்டர் என்ன செய்யலாம் என்கிற படிப்பு. சிலருக்கு நித்திரையில் நாக்கும் தொண்டையும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுமாம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் தட்டுப் போட்டு, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னுக்குப் பிடித்து வைத்தால் பாதை திறக்குமாம். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. யாருக்குச் சரிவரும், யாருக்குச் சரிவராது, அதை எப்படி அறிவது என்பதைத்தான் அத்தனை காலம் படித்தாளாம்.

அந்தப் படிப்புக்குப் பிறகு அவளோடு கதைப்பதே பெரிய பாடாகிவிட்டது. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பாள். மீன்காரரிடம், "இண்டைக்குப் புடிச்சது எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்பாள். மூக்கில் நல்லெண்ணெய் விட்டால் குறட்டை போகும் என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"எத்தன பேருக்கு விட்டுப் பாத்தீங்க, சாச்சி?"

"என்ட மாப்புளக்கு விட்டன்."

"போச்சா?"

"அவர் மௌத்தாகுமட்டும் குறட்டதான்."

அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்கும் கேட்டது.

பல்செட்டை விட்டுவிட்டு வந்த அடுத்த நாள் பின்னேரம், அவளே என் வீட்டு வாசலில் நின்றாள். பல்செட்டைக் கழுவித் துடைத்து, சின்னப் பெட்டி ஒன்றில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, அடுப்படியில் பலகையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"இப்ப சொல்லுங்க. மருமகனுக்கு என்ன?"

சொன்னேன். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீட்டைக் கொடுத்து மருமகனைக் கூட்டிவருவது வழக்கம். வந்தவனுக்கு அந்த வீட்டில் ராசா மரியாதை. மாமி அவனுக்கு முன்னால் இருந்து கதைக்கமாட்டாள். சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்லுவாள். அது அவன் காதிலும் விழும். குறை மட்டும் சொல்லவே கூடாது. குறை சொன்னால், வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று உடுப்புப் பையைத் தூக்கிவிடுவான். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, சோறு தின்றுவிட்டு மருமகன் றிஷாட் சாயும்போது வீடு முழுக்கக் கேட்கிற விசயம், அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. குறட்டை ஏறும். திடீரென்று ஒன்றுமே இராது. நான் கையில் எடுத்ததைக் கீழே வைக்காமல் நிற்பேன். பிறகு, வாவிக்குள் மூழ்கினவன் மேலே வருவதுபோல ஒரு இழுவை. மறுபடி குறட்டை.

"றுமானா சொல்லலியா?"

"அவள் என்ட மகள்தானே. மாப்புளட குறையச் சொல்லாத எண்டு நான்தான் பழக்கி வெச்சிரிக்கன்."

றிஷாட் அரிசி லொறி ஓட்டுகிறவன். முந்தின மாதம் பொலன்னறுவைக்குப் போகும்போது, பட்டப்பகலில் லொறி ரோட்டை விட்டு இறங்கி வயல் வரம்பில் குத்தி நின்றது. யானை குறுக்கே வந்தது என்றான். அந்த ரோட்டில் யானை வருவது உண்மைதான். ஆனால் யானையைக் கண்டவன் ஒரு கிழமைக்கு அதைப் பற்றியே கதைப்பான். இவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அன்றைக்கு வரம்பு பிடித்து நிறுத்தியது. நாளைக்கு எதிரே பஸ் வந்தால்? அந்தப் பயத்தில்தான் பல்செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நிஸ்மியா பலகையை விட்டு எழும்பினாள்.

"அவர் வரணும், சாச்சி. மூச்சு நிக்கிறதக் கேட்ட ஆளும் வரணும்."

"நான் எப்பிடிக் கா அவருக்கு முன்னால..."

"வாங்க. மிச்சத்த நான் பாக்கிறன்."

றிஷாட்டுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று வெடித்திருந்தது. அந்தச் சாட்டில் றுமானா அவனைக் கூட்டிப்போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். நிஸ்மியா பல்லைப் பார்த்து முடித்துவிட்டு, நித்திரை எப்படி என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு குறையுமில்ல டொக்டர். படுத்தா செத்த மையித்து மாதிரித்தான்."

"அதுதான் எனக்கும் பயம்."

லொறி ஓட்டும்போது கண் சொருகுமா என்று கேட்டாள். இல்லை என்றான். றுமானாவைக் கேட்டாள். அவள் கால்விரலைப் பார்த்தாள். நிஸ்மியா எழும்பி வந்து, கதவைப் பாதி சாத்தி, என்னை அதற்குப் பின்னால் நிறுத்தினாள்.

"சாச்சி, எனக்குச் சொல்லுங்க. அவருக்கில்ல. என்ன கேட்டீங்களோ அத அப்பிடியே."

வாயால் சொல்லாமல் செய்தே காட்டினேன். குறட்டை விட்டேன். உள்ளே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே நின்றேன். உள்ளே சிரிப்பு நின்றது. காது அடைத்தது, கண் இருண்டது, அதற்கு மேல் ஏலாமல் ஒரு இழுவை இழுத்தேன்.

"அவ்வளவு நேரமா?" என்று அவன் கேட்டான். றுமானாவையா, நிஸ்மியாவையா கேட்டான் என்று எனக்குத் தெரியாது.

"அத விடக் கூட, மகன்" என்று நானே சொல்லிவிட்டேன். அவன் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவனிடம் நேராகச் சொன்ன முதல் கதை அதுதான்.

அவன் மெதுவாகச் சொன்னான். "அண்டைக்கு யான வரல்ல, டொக்டர்."

நிஸ்மியா அன்றைக்கே அவன் லொறி ஓட்டுவதை நிறுத்திப்போட்டாள். அவனுடைய கூட்டாளி இஷாம்தான் ஓட்டினான். விரலில் ஒரு கவ்வி, நெஞ்சில் ஒரு பட்டி, மூக்கடியில் ஒரு குழாய் என்று கட்டிப் படுக்கவைத்து, சோதனையை மட்டக்களப்பு டவுனில் இருக்கிற நெஞ்சு டொக்டர் பார்த்தார். மூச்சு நிற்பது உண்மை என்றார். முதலில் காற்று ஊதுகிற மிசின் கொடுத்தார். றிஷாட்டால் அதை முகத்தில் வைத்துக்கொண்டு படுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த டொக்டர், தட்டுப் போடலாம் என்று நிஸ்மியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவனுடைய வாயிலேயே, அவனுடைய பல்லிலேயே அளவெடுத்தாள். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லிக் காட்டினாள்.

தட்டுப் போட்ட முதல் வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் வட்டிலப்பம் அவித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். றிஷாட் எனக்கு முதலே போய் நின்று, லொறி ஓட்ட விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் வட்டிலப்பத்தைத் தொடவில்லை.

"திரும்பச் சோதன செய்யணும். தட்டுப் போட்டபடி."

"குறட்டதான் நிண்டுட்டே, டொக்டர்!"

"குறட்டய நிப்பாட்டுறது லேசி. சத்தமில்லாமலும் மூச்சு நிக்கும். நான் மருந்து செய்யிறது பக்கத்து ஊட்டுக்காரர்ர காதுக்கில்ல."

எனக்கும் ஆத்திரம் வந்தது. டொக்டர்ப் பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று றுமானாவிடம் சொன்னேன். ஆனால் சோதனை அவள் பக்கம்தான் நின்றது. சத்தம் போயிருந்தது, வியாதி பாதிதான் போயிருந்தது. அன்றைக்கு லொறியைக் கொடுத்திருந்தால் நாங்கள் எல்லாரும் நிம்மதியாக அவனை வழியனுப்பியிருப்போம்.

தட்டின் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் திருப்பி, சில நாள் விட்டு, தாடை நோகுதா என்று கேட்டு, மறுபடி கொஞ்சம் திருப்பினாள். அவன் முகத்தை நீட்டிக்கொண்டு வருவான். அவள் அதைக் கணக்கெடுக்கவே மாட்டாள். மூன்றாவது சோதனை நல்லாக வந்தது. நெஞ்சு டொக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் லொறி ஓடலாம் என்றாள். அன்றைக்குத்தான் வட்டிலப்பம் கேட்டு ஆள் அனுப்பினாள்.

இப்போது றிஷாட் பொலன்னறுவைக்குப் போய் வருகிறான். வந்ததும், "மாமி, யான ஒண்டும் வரல்ல" என்று வாசலில் நின்றே சத்தமாகச் சொல்லுவான். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "வந்தாலும் கண் முழிச்சிப் பாத்திருப்பீங்க" என்பேன்.

நிஸ்மியாவின் கிளினிக்கில் இப்போது வாயைத் திறந்து படுக்கிற கதிரைக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. காத்தான்குடியில் நெய்த பச்சைத் துணி. நித்திரைக் கேசு ஒன்று வந்தால், வீட்டில் யார் கேட்டது என்றுதான் முதலில் கேட்பாளாம். மாமிமார், மச்சிமார் என்று கூச்சப்படுகிறவர்களைத் திரைக்குப் பின்னால் இருத்திக் கதைக்கவிடுகிறாள். எனக்குப் பிறகு கன பேர் அதற்குப் பின்னால் இருந்து குறட்டை விட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தத் திரை வாங்க என்னைக் கூட்டிப்போயிருந்தால் கடைக்காரனை அழவைத்து விலையைக் குறைத்திருப்பேன். அந்தப் பிள்ளை அவன் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்: கம்பியோடும் வளையத்தோடும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா.