எரிமலைக்கு வெள்ளைப் பெயிண்ட்

ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் என் தலையில் விழுந்தது, காட்டுக்கு நடுவே ஓர் எரிமலை. முதல் பரிசு ஜியோமெட்ரி பெட்டி என்று டீச்சர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் எரிமலைக்கு எங்கே போவது? நல்லவேளையாக என் நைனாவுக்கு இரும்புக் கம்பெனியில் உலை வேலை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குப் புருவம் பாதிதான் இருக்கும். “அரைப் புருவம்” என்று நானும் தம்பியும் கேலி செய்வோம், அவரும் கூடச் சிரிப்பார்.

உலையிலிருந்து வழித்துக் கொட்டும் கறுப்புக் கசடைச் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அசல் மலையே கட்டிவிட்டார். வம்பு பெயிண்டில் வந்தது. மலையின் வாயில் வெள்ளையும் கொஞ்சம் மஞ்சளும் பூசினார்.

“இன்னா நைனா, நெருப்புக் கொழம்பு செவப்புதான?”

“செவப்புன்னா ஆறிக்கினு கீதுன்னு அர்த்தம்மா. நல்லா கொதிக்கசொல்ல வெள்ளையாதான் இருக்கும். கண்ணு கூசும்.”

காட்டுக்காக நான் ஒடித்து வந்த சவுக்குக் கிளைகளையும் உச்சியில் நட விடவில்லை. “இவ்ளோ கிட்ட நின்னா கருகிடும்” என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடிவாரத்தில் நட்டார்.

புத்தகத்துப் படமோ வேறு மாதிரி இருந்தது. பெட்டி போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் அவர் ஷிப்டுக்குக் கிளம்பியதும் அம்மாவின் குங்குமத்தைக் குழைத்து மலைவாயைச் சிவப்பாக்கினேன். சவுக்கையும் உச்சி வரை நட்டேன்.

பரிசு எனக்குத்தான். “எரிமலைன்னா இப்படித்தான் இருக்கணும்” என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஷிப்டு முடிந்து நேரே பள்ளிக்கு வந்த நைனா மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“செவப்புதாம்மா அழகா கீது” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று வீடு வரை குதித்துக்கொண்டே வந்தேன். தம்பியிடம், “அரைப் புருவத்துக்கு எரிமலையப் பத்தி இன்னா தெரியும்?” என்று வேறு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த நைனா வழக்கம்போலச் சிரித்தார்.

போன மாதம் போனில் ஓர் எரிமலை வீடியோ பார்த்தேன். சுற்றிலும் அடர்ந்த காடு. வாயில் குழம்பு வெள்ளையும் மஞ்சளுமாகக் கண்ணைக் கூச வைத்தது. பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. எவ்வளவு கிட்ட நின்றால் கருகும் என்று நைனாவுக்கு எப்படித் தெரியும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. மீதிப் பாதிப் புருவம் எங்கே போனது என்றும் கேட்டதில்லை.