முதல் மடக்கு யாருக்கு?

பரிமாறுகிற வேலையில் கை சுடும், கால் வீங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வோம் என்று யாரும் சொல்வதில்லை. டிரே தூக்கிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் ஒரு சின்ன ரிசார்ட்டில் நான் சர்வர், என் மனைவி செல்வி சமையல். ஒரே ஒரு பாட்டிலால் இரண்டு பேர் வேலையும் போகப் பார்த்தது.

மண்டி

சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அன்று அவர்களுக்குக் கல்யாண நாள். கல்யாணத்தின்போது வாங்கிப் பதினெட்டு வருஷமாகத் திறக்காமல் வைத்திருந்த சிவப்பு ஒயினை அவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "அடியில மண்டி இருக்கும், ஆட்டாம நிக்க வைங்க" என்று என்னிடம் கொடுத்தார். சமையலறை அலமாரியில் வைத்தேன்.

செல்வியின் அண்ணன் கள்ளச்சாராயத்தில் போனவர். குடித்த மறுநாள் காலையில் கண் தெரியவில்லை என்றார். பொழுது சாய்வதற்குள் ஆளே இல்லை. ஒரு சொட்டு தொட மாட்டேன் என்று எங்கள் மகள் தலையில் கை வைத்து அப்போது சத்தியம் செய்தேன். பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்த செல்வி கேட்டாள்: "பதினெட்டு வருசமா கெட்டுக்கினு இருந்ததையா எத்துக்கினு வந்திருக்காங்க?"

ஜோடிப் பொருத்தம்

சாயங்காலம் அவரே சமையலறைக்கு வந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு என்றதும் முகம் வாடிவிட்டது. அந்தக் காரத்துக்கு ஒயின் நிற்காதாம். ஆட்டுக்கறியை மிளகு மட்டும் போட்டு மெதுவாக வறுத்தால் இரண்டுக்கும் ஜோடி சேரும் என்றார். மேனேஜர் தலையாட்டினார். கொதித்த குழம்பை ஓரம் கட்டிவிட்டு செல்வி என்னிடம் முணுமுணுத்தாள்: "கறிக்கு ஏத்த பாட்டிலு எத்துக்கினு வரச் சொல்லேன்."

நடுவில் மாட்டிக்கொண்டவன்

ராத்திரி சாப்பாட்டு மேசையில் அவர் மூடியைத் திறந்து கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி முகர்ந்தார். மலைக் குளிரில் அவருக்கு மூக்கடைப்பு, ஒன்றும் தெரியவில்லை. மனைவிக்குக் கெட்டதை ஊற்றிவிடக் கூடாதே என்ற கவலையில் கிளாஸை என்னிடம் நீட்டினார். "கொஞ்சம் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க." இந்தப் பக்கம் மேனேஜர், குடி என்று கண்ணைக் காட்டினார். அந்தப் பக்கம் சமையலறை வாசலில் செல்வி. முகர்ந்து பார்த்தேன், நாவல்பழ வாசனை, கூடவே ஈர மண் வாசனை. அதற்கு மேல் கை போகவில்லை. பயந்துவிட்டேன்.

செல்வி கரண்டியோடு வந்து என் கையிலிருந்த கிளாஸை வாங்கி அவர் முன்னால் வைத்தாள். மேனேஜர், "ரெண்டு பேரும் காலையில ஆபீசுக்கு வாங்க" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சார், எங்க அண்ணனுக்கும் யாரோ ஆசையாத்தான் ஊத்திக் குடுத்தாங்க, மறுநா காலையில கண்ணே தெரியல. மொதல்ல நீங்க குடிங்க."

ராசிபலன்

விருந்தாளி கிளாஸை எடுத்தார். குடித்தார், கறியை ஒரு வாய் மென்றார், இன்னொரு மடக்கு குடித்தார். நன்றாக இருக்கிறது என்று மனைவிக்கும் ஊற்றினார். பாட்டில் காலியானது. செல்விக்குத் தூக்கம் இல்லை, எனக்கும்தான்.

காலையில் அவர்கள் டிபனுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் எங்களைக் கூப்பிடத் தயாராக நின்றார். செல்வி இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் காட்டினாள். "சார், அதுல உங்க ராசிக்கு இன்னா போட்டிருக்கு? இங்கிருந்தே படிங்க." அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. அந்தப் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கி, பொறுமையாகப் படித்தார்: "துலாம்... பயம்னு போட்டிருக்கும்மா."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லி வைத்தாள். மேனேஜர் எங்களைக் கூப்பிடவே இல்லை, ஆனால் அன்றிலிருந்து ஒயினோடு வருகிறவர்கள் யாருக்கும் மறுநாள் ராசிபலன் படித்துக் காட்டாமல் எங்கள் ரிசார்ட்டில் இட்லி கிடையாது.