நாற்பது கடிகாரங்களும் நானும்: பினாங்கில் ஒரு காலை நடை

இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தே சொல்கிறேன்: நம்பாதீர்கள். நீங்கள் நம்பிவிட்டால் நாற்பது வருஷமாக நான் கட்டிக் காப்பாற்றிய பெயர் என்ன ஆவது?

பினாங்குக்கு நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. என் அக்காள் மகன் சபாபதி அந்தத் துறைமுகத்தில் சரக்குப் படகுகளுக்கு மேஸ்திரி. பெண் பாக்கியம், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தகப்பனார் பொன்னுசாமி டத்தோ கிராமாட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். எங்கள் வகையறாவில் தாலியை ஊர்த் தட்டான்தான் உருக்க வேண்டும், தாய்மாமன்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆகவே போன ஆனியில் தாலியை இடுப்பில் முடிந்துகொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அந்த மாதத்துக்கு அதுதான் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. பிறகு ஆவணியில்தான் பார்க்க முடியும். பாக்கியத்துக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் நிச்சயம் வரை வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் அவளை ராசியில்லாதவள் என்று ஊரே சொல்லிவிடும் என்று சபாபதி கடிதத்தில் எழுதியிருந்தான்.

கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் வகுப்பே எடுங்கள். மேல்தளத்துப் பயணிகளை ஜெரஜா தீவில் இறக்கி, நோய் பார்க்க நாள்கணக்கில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கப்பல் எதிர்காற்றில் மாட்டி ஒரு நாள் பிந்தியது. அலைகள் திருவாரூர்த் தேர் உயரம் வந்தன. அவற்றில் ஒன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, நான் சாப்பிடுவதைக் கண்டு மரியாதையாக ஒதுங்கிப் போனது. இன்னொரு விநோதம்: கப்பல்காரர்கள் தினமும் மணியை முன்னே முன்னே தள்ளி வைத்தார்கள். சோற்றைச் சீக்கிரம் போட்டு வேலையை முடிக்கச் செய்யும் தந்திரம் என்று நினைத்தேன். என் கடிகாரத்தை நான் தொடவில்லை. அது என் மாமனார் சீர். மாமனாரையே அசைக்க முடியாது, அவர் கடிகாரத்தையா அசைப்பார்கள்?

ஏழாம் நாள், கல்யாணத்தன்றே, பினாங்கு தெரிந்தது. மலை கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் வெள்ளைக் கட்டடங்கள், கடல் கொள்ளாத படகுகள். சம்பான் என்கிற சின்னப் படகில் கரைக்கு இருபது காசு, கால் மணி நேரம். இறங்கும்போது என் கடிகாரத்தில் சரியாக ஆறு. சூரியனோ தென்னை உயரத்துக்கு ஏறியிருந்தது. இந்த ஊரில் சூரியனுக்குக்கூட விடியும் முன்பே வேலை என்று வியந்தேன். துறைமுகத்துக்கு எதிரே இங்கிலாந்து ராணி அறுபது வருஷம் ஆண்டதைக் கொண்டாடக் கட்டிய அறுபது அடி மணிக்கூண்டு ஏழரை காட்டியது. பாவம், அவ்வளவு உயரத்தில் காற்று அதிகம், முள் தானாக ஓடுகிறது என்று இரக்கப்பட்டேன்.

சபாபதி அனுப்பிய ஆள் முந்தின நாள் முழுக்கக் காத்திருந்து திரும்பிவிட்டிருந்தான். எனக்கோ கையில் மூன்று மணி நேரம். தாய்மாமன் அவ்வளவு முன்னால் போய் நின்றால் பந்திக்கு வந்தவன் என்பார்கள். அப்போதுதான் ஒருவர் முன்னால் வந்தார்: கோடு போட்ட கைலி, தலையில் துருக்கித் தொப்பி, கக்கத்தில் குடை.

"அண்ணே, முழு ஊரு ஒரு வெள்ளி, அரை ஊரு அரை வெள்ளி. பன்னெண்டு எடம். நான் காசிம், நாகூரு பக்கம்."

"அரை ஊர் என்றால் எந்த அரை?"

"அதைப் பார்த்தவங்க யாரும் இல்லண்ணே. எல்லாரும் முழுசாத்தான் பார்க்கிறாங்க."

வெள்ளி என்றால் இங்கே நூறு காசு. முழு ஊருக்கு ஒப்புக்கொண்டேன். இந்த ஊரில் பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது, காசிம் பாய்க்கும் அது உண்டு. அதோடு அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. பன்னிரண்டு இடத்தையும் வரிசை தப்பாமல் சொல்வார். நடுவில் கேள்வி கேட்டால் அந்த இடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார். "பூவைக் கட்டும்போது நூலு அறுந்தா அவுத்துட்டுத்தான் கட்டணும்" என்றார். எனக்கோ கேள்வி கேட்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். முதல் இடமான கோட்டையின் கதையை மட்டும் நான்கு தடவை கேட்டேன். நான்காவது தடவை சொல்லும்போது காவல்காரச் சிப்பாயே கூடச் சேர்ந்து ஒப்பித்தான்.

கோட்டையைத் தாண்டிக் கடலோரத் திடலில் ஒரு பழைய பித்தளைப் பீரங்கி கிடக்கிறது. அதன் வாயில் மல்லிகை செருகியிருந்தது. பிள்ளை வேண்டிப் பெண்கள் வைப்பதாம். எத்தனை பேரைக் கொன்றதோ, இப்போது தொட்டில் கேட்டு வருகிறார்கள். நான் சும்மா தொட்டுப் பார்த்தேன். காசிம் பாய் பதறிக் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாண்ணே! ஒங்களுக்கு ஏற்கெனவே எத்தனை?" ஏழு என்றேன். அங்கிருந்து வேகமாக நடத்திப்போனார்.

பீச் தெருவில் வங்கிகள் அரண்மனைகளைப் போல நிற்கின்றன. ஒரு காலத்தில் அலை அடித்த இடத்துக்கு அப்பால் மண்ணைக் கொட்டி இன்னும் இரண்டு தெரு அகலத்துக்கு ஊரை நீட்டியிருக்கிறார்கள். கடலையே பின்னால் போய் உட்காரச் சொன்ன ஊர் இது ஒன்றுதான் என்று எழுதி வைத்துக்கொண்டேன். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை; மழையோ வெயிலோ ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நனையாமல் கடக்கலாம். நடுவழியில் ஒரு அண்ணன் தோளில் காவடி போலக் கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் மீன் குழம்புமாக வந்தார். நாசி கண்டார் என்கிறார்கள். ஒரு தட்டு மூன்று காசு. அந்தக் குழம்பின் காரத்தில் என் தலையில் உதிர்ந்த மயிரில் பாதி திரும்பி முளைத்தது.

பிட் தெருவுக்கு வந்தபோதுதான் எனக்குப் பேச்சு நின்றது. இதை என் மனைவி நம்பமாட்டாள். கால் மைலுக்குள் ஒரு மாதா கோயில். அடுத்தாற்போல் சீனர்களின் கருணைத் தாய் கோயில், வாசலில் ஆள் உயர ஊதுவத்திகள். பின்தெருவில் நம் மாரியம்மன். தெருக்கோடியில் மசூதியின் கோபுரம். ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம் மூன்றின் புகையும் ஒரே காற்றில் கலந்து வந்தது. எந்தப் புகை எந்தச் சாமியுடையது என்று பிரிக்க முடியவில்லை. யாரும் பிரிக்க முயன்றதாகவும் தெரியவில்லை. இந்த இடத்தில் நான் கேள்வி கேட்கவில்லை. காசிம் பாயே கவலைப்பட்டு, "ஒடம்புக்கு ஏதும் முடியலையாண்ணே?" என்றார்.

எட்டாவது இடம் சீனக் குலம் ஒன்றின் கோயில். குறுகிய சந்துக்குள் நுழைந்து திரும்பினால் திடீரென்று முற்றம் விரிகிறது, எதிரே கூரை. கூரையா அது? டிராகன்கள், மீன்கள், குதிரை வீரர்கள், பூக்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. முந்தைய கூரை இதைவிடப் பெரியதாம். சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனைக்கே போட்டியாக இருந்ததால் தேவர்கள் கோபித்து எரித்துவிட்டார்களாம். "அதனால இந்தத் தடவை கொஞ்சம் அடக்கமாக் கட்டினாங்க" என்றார் காசிம் பாய். அடக்கமே இப்படி என்றால் ஆணவம் எப்படி இருந்திருக்கும்! நான் அண்ணாந்து பார்த்த நேரத்தில் என் வாய்க்குள் இரண்டு குருவிகள் கூடு கட்ட இடம் பார்த்துவிட்டுப் போயின.

சந்திலிருந்து வெளியே வந்தோம். ஒரு சீனக் கிழவரின் கடிகாரக் கடை. சுவர் முழுக்க நாற்பது கடிகாரங்கள். நாங்கள் தாண்டும்போது நாற்பதும் ஒன்றாகப் பத்து அடித்தன. நான் என் கடிகாரத்தை எடுத்தேன். எட்டரை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாரும் பாய், நாற்பது கடிகாரம் வைத்திருக்கிறார், ஒன்றுகூடச் சரியில்லை!"

காசிம் பாய் சிரிக்கவில்லை. என் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அண்ணே, இது ஊர்ல சாவி குடுத்துக் கொண்டாந்ததுதானே?"

"ஆமாம். ஒரு நொடி பிசகாது."

"ஊருக்குப் பிசகாதுலா. இங்க நமக்கு ஒன்றரை மணி முன்னாடியே விடிஞ்சிடுது. இப்ப மணி பத்து. முகூர்த்தம் எத்தனைக்குன்னீங்க?"

சூரியனும் மணிக்கூண்டும் கப்பல்காரனும் சொன்னதை எல்லாம் நான் ஒருவனாக நின்று திருத்தியிருக்கிறேன். அரை மணிதான் மிச்சம். வேட்டியைத் தூக்கிக் கட்டி ஓடினேன். டிராம் கண்ணெதிரே மணி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆளுக்கொரு ரிக்‌ஷா பிடித்தோம், தலைக்கு இருபது காசு, இரண்டு மைல். என் எடைக்கு அந்த ரிக்‌ஷாக்காரர் முதலில் அழுதார். பிறகு காசிம் பாய் அவர் பாஷையில் எதையோ சொன்னதும் சக்கரம் தரையில் படவில்லை. பின்னால் வந்த ரிக்‌ஷாவிலிருந்து பாய் கத்திக்கொண்டே வந்தார்: "அண்ணே, எடது பக்கம் தெரியுறது பதினொண்ணாவது, ஆனா இப்பப் பார்க்காதீங்க, ஒன்பதும் பத்தும் பாக்கி இருக்கு!"

டத்தோ கிராமாட்டில் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேளச் சத்தம் நின்றுபோன பந்தல் ஒன்றுதான் இருந்தது. உள்ளே சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. மணமேடையில் சபாபதி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். வெறும் மஞ்சள் கிழங்கைக் கட்டிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாமா கடலில் இருக்கும்போது அப்படிக் கட்டினால் மாமாவுக்கு ஆகாது என்று அவன் மறுத்துவிட்டானாம். நான் அந்த நேரம் டிராகனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா! கப்பலு கவுந்துடுச்சோன்னு பயந்துட்டேன்" என்று எழுந்து வந்தான். ஒரு கையில் கடிகாரம் அப்படியே இருக்க, மறு கையால் தாலியை எடுத்து நீட்டினேன்.

பெண்ணின் தகப்பனார் பொன்னுசாமி அதைப் பார்க்கவே இல்லை. "இப்பக் கொண்டாந்து என்ன செய்ய? நேரம் போயிடுச்சு. ரெண்டாந்தடவை நின்னுபோன பொண்ணை இனி எவன் கேப்பான்?"

குருக்கள் பஞ்சாங்கத்தை மூடினார். "பத்து நிமிஷம் தாண்டிடுத்து. தெரிஞ்சே கட்டக் கூடாது. ஆவணியில பார்த்துக்கலாம்."

பந்தலில் இருந்த அறுபது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது மணப்பெண் நிமிர்ந்தாள்.

"சாமி, அந்தப் பஞ்சாங்கம் எங்க அச்சடிச்சது?"

"கும்பகோணத்துல, அம்மா."

"அப்ப அதுல போட்டிருக்கிற ஒம்பது மணி எந்த ஊரு மணி?"

குருக்கள் மூடின பஞ்சாங்கத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். "மாமா, கையில கடிகாரம் வச்சிருக்கீங்களே, அது ஊரு மணிதானே? எத்தனை காட்டுது?"

நான் பார்த்தேன். "ஒன்பது பத்து."

"அப்ப நேரம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு மணிக்கு மேல இருக்கு. கட்டச் சொல்லுங்கலா."

பந்தல் கலகலத்துவிட்டது. பத்து வருஷமாகக் குருக்கள் அதே ஊர்ப் பஞ்சாங்கத்தை இந்த ஊர் மணிக்குப் பார்த்துத்தான் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்ப எங்களுக்குக் கட்டினது தப்பு நேரமா சாமி?" பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "அதானே பார்த்தேன்!" என்றாள். குருக்கள் வேர்த்துப்போய் இரண்டு கையையும் தூக்கினார். "அம்பாளுக்கு ரெண்டு மணியும் தெரியும்! அதுவும் நல்ல நேரம், இதுவும் நல்ல நேரம். மேளம்! மேளம்!"

சபாபதி கட்டினான். மேளச் சத்தத்தில் மலை இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு காசிம் பாய் என்னை விடாமல் ஊருக்கு இழுத்துப்போய் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை முடித்துக் காட்டினார். அதற்குத் தனியாக ஒரு காசும் வாங்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: காலை ஏழுக்குள் நடையைத் தொடங்குங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். மொத்தம் இரண்டரை மைல், பழகிய செருப்பு போதும். வழிகாட்டியிடம் கேள்வியை எல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிராமை நம்பலாம், ஆனால் அது உங்களுக்காக நிற்காது. கப்பலில் மணியைத் தள்ளி வைத்தால் நீங்களும் தள்ளி வையுங்கள். ஒரு காலைப்பொழுதில் அந்த ஊரைப் பார்த்து முடித்தவன் கிடையாது. நான் பார்த்தது அதன் நகக்கண் அளவுதான், அதற்கே இன்னும் கழுத்து வலிக்கிறது.

அலை, குருவி, பறந்த ரிக்‌ஷா, நகர்ந்த மலை எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்; கடிகாரங்களைக்கூட நாற்பதிலிருந்து ஆறாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். அறுபது பேர் தலை குனிந்திருந்த பந்தலில் அந்தப் பெண் ஒருத்திதான் கேட்டாள். அவள் கேட்கும் வரை, சரியான மணியைக் கையில் பிடித்துக்கொண்டு, நானும் பேசாமல்தான் நின்றிருந்தேன்.